கப்பல் கடையில் இரண்டாம் சுற்று

17-7-2024 புதன் — இல்லை
24-7-2024 புதன் — ரூ. 310
31-7-2024 புதன் — இல்லை
7-8-2024 புதன் — ரூ. 2,160
14-8-2024 புதன் — ரூ. 5,940
21-8-2024 புதன் — ரூ. 7,380
20-11-2024 புதன் — ரூ. 39,600

ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகும் சாலையில் கலாவதியும் அவர் கணவர் மணியும் நடத்தும் இத்தாலிய உணவகத்தின் புதன்கிழமை வசூல் இது. இரண்டாவது வரியிலுள்ள 310 ரூபாய் நான் சாப்பிட்டது. எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், புதன்கிழமைக் கணக்கை எழுதும் வேலையைக் கலாவதி பிறகு என்னிடம் கொடுத்தார். அதனால் மற்ற வரிகளுக்கும் நான் பொறுப்பு.

கலாவதி 1981இல் வெள்ளக்கடையில் பிறந்தவர். பெற்றோர் காப்பித் தோட்ட வேலைக்காரர்கள். பத்தாவது முடித்ததும் அவரும் பழம் பறிக்கப் போனார். 2003இல் மணியைக் கட்டிக்கொண்டார். மணி ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் சமையல் உதவிக்கு இருந்து, 2008இல் ஓர் இத்தாலியப் பயணிகள் கப்பலின் சமையல்கட்டுக்கு வேலைக்குப் போனார். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். அந்த வருடங்களில் கலாவதி எஸ்டேட் கேன்டீனில் மத்தியானச் சாப்பாடு சமைத்தார். நூற்றைம்பது பேருக்கு வாளியும் கரண்டியுமாகப் பரிமாறிப் பழகிய கை அது.

2020இல் கப்பல்கள் நின்றபோது மணி மலைக்குத் திரும்பினார். மறு வருடம் இருவரும் ஞானசுந்தரம் என்பவரின் பழைய காப்பிக் கிடங்கை வாடகைக்கு எடுத்தார்கள். ஞானசுந்தரம் சேலத்தில் இருப்பவர். கப்பல் சம்பளத்தில் மிஞ்சியதைப் போட்டு, கிடங்குக்குள் செங்கல்லும் களிமண்ணுமாக ஒரு பெரிய அடுப்பைக் கட்டினார் மணி. அதில் எரிப்பது காப்பிச்செடி வேர்க்கட்டை. போர்டில் 'மலர் இத்தாலியன் உணவகம்' என்று மகளின் பெயர் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது கப்பல் கடைதான்.

சனி, ஞாயிறுகளில் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். மற்ற நாட்களில் மூடுபனிதான் வந்து உட்கார்ந்தது.

8-7-2024 அன்று ஞானசுந்தரத்திடமிருந்து முதல் கடிதம் வந்தது. சென்னைக்காரர் ஒருவர் காபி ஷாப் வைக்கக் கிடங்கைக் கேட்கிறார். நவம்பர் முப்பதுக்குள் முன்பணத்தை மூன்று லட்சமாக்கி, வாடகையை இருபத்தாறாயிரமாக உயர்த்த ஒப்புக்கொண்டால் உங்களுக்கே ஒன்பது வருடத்துக்கு எழுதித் தருகிறேன். இல்லையேல் காலி செய்துவிடவும்.

கையிலிருந்ததையெல்லாம் கூட்டியும் முன்பணத்துக்கு எண்பதாயிரம் குறைந்தது. மணி அன்று மாலை அடுப்பின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார்.

"பாத்திரத்தத் தூக்கிட்டுப் போயிரலாம். மேசையத் தூக்கிட்டுப் போயிரலாம். இதை எப்படிப் புள்ள தூக்கிட்டுப் போறது?" என்றார்.

"தூக்க முடியாதுங்க. அதனால போகவும் முடியாது" என்றார் கலாவதி.

வார நாட்களில் கடை நிரம்பினால்தான் எண்பதாயிரம் சேரும். வார நாட்களில் மலையில் இருப்பவர்கள் மலைக்காரர்கள்தான். அவர்கள் ஏன் வருவதில்லை என்பதை ரேஷன் கடை வரிசையில் மாதம்மாள் சொன்னார். மாதம்மாள், கலாவதியோடு பழம் பறித்தவர்.

"உங்க கடையில ஒருக்காத்தான் போடுவீங்களாமா?"

"யாரு சொன்னது?"

"கிளியூரே சொல்லுது. சின்னராஜு ஊட்டுல ஏழு பேரு வந்து, ரெண்டாந்தடவை வருமுன்னு உக்காந்தே இருந்தாங்களாம். ஒருத்தரும் எட்டிப் பாக்கலையாமா. அப்பறம் பஸ் ஸ்டாண்டுல போயி பரோட்டா தின்னாங்களாம்."

கலாவதிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. 3-3-2024, ஞாயிறு. நானும் அன்று கடையில் இருந்தேன். கிளியூர் சின்னராஜ் ஜீப் ஓட்டுபவர். அவர் மகள் கவிப்பிரியாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. முதல் சம்பளத்தில் குடும்பத்தை விருந்துக்கு அழைத்து வந்திருந்தாள். எல்லோரும் நல்ல துணி உடுத்தி வந்தார்கள். ஆளுக்கொரு தட்டு பாஸ்தா வந்தது. சுத்தமாகச் சாப்பிட்டார்கள். பிறகு கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த மலையில் விருந்துக்கு வந்தவர் முதல் சுற்றோடு எழுந்தால், சமைத்தவர்களை மதிக்கவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்காவிட்டால், வந்தவரை மதிக்கவில்லை என்று பொருள். மணியின் கப்பலிலோ, விருந்தாளி கேட்காமல் பில்லைக் கொண்டு போய் நீட்டுவது பெரிய குற்றம். ஆற அமர உட்காரட்டும் என்று விட்டுவிட வேண்டும். மணி விட்டுவிட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் அந்தப் பக்கம் ஏழு பேர் மரியாதையாகக் காத்திருந்தார்கள். இந்தப் பக்கம் மணி மரியாதையாகக் காத்திருந்தார். கலாவதி பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கடைசியில் சின்னராஜ் தானே எழுந்து போய்ப் பணத்தைக் கொடுத்தார். மணி அவர்களை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "எவ்வளவு சந்தோசமா ஒக்காந்திருந்தாங்க பாருங்க" என்று என்னிடம் சொன்னார்.

ரேஷன் கடையிலிருந்து வந்த கலாவதி முடிவு செய்துவிட்டார். புதன்கிழமைதோறும் பந்தி. தலைக்கு நூற்றெண்பது ரூபாய். பூண்டு ரொட்டி, கோழி போட்ட தக்காளிப் பாஸ்தா, ஒரு துண்டு பீட்சா, கடைசியில் காப்பியில் நனைத்த இனிப்பு. பாஸ்தா வாளியில் வரும். போதும் என்னும் வரை வரும்.

மணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாஸ்தாவ வாளியிலயா? கப்பல்ல இப்படிச் செஞ்சா என்னையத் தூக்கிக் கடல்ல போட்டுருவாங்க."

"இங்க கடலு எங்கீங்க இருக்குது? ஏரிதான் இருக்குது. அதுலயும் சுத்திப் பாக்க வர்றவங்க படகு ஓட்டறாங்க."

"நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்."

"வர வேண்டாங்க. பீட்சா மட்டும் போட்டுக் குடுங்க."

அடுத்து கலாவதி செய்ததுதான் மலை முழுக்கப் பேச்சாயிற்று. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்துக்கொண்டு, மகள் மலரோடு கிளியூருக்குப் போய்ச் சின்னராஜ் வீட்டு வாசலில் நின்றார்.

சின்னராஜ் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மிணி, மலருக்குக் கண்ணாலமா?" என்றார்.

"இல்லீங்ணா. புதங்கெழம எங்க கடைக்கு நீங்க எல்லாரும் சாப்பிட வரோணும். போன தடவை சரியாப் பாத்துக்கல."

"கடைக்குத் தட்டு வெச்சுக் கூப்பிடறது நீங்கதான்."

"வருவீங்களா, மாட்டீங்களா?"

"தட்டு வெச்சப்பறம் வராம இருக்க முடியுமா? நொம்ப வசமா மாட்டிவுட்டுட்டீங்க." உள்ளே திரும்பி, "கண்ணு, தட்டை வாங்கிக்க" என்று கவிப்பிரியாவிடம் சொன்னார். அவள் விடுப்பில் வந்திருந்தாள்.

7-8-2024 அன்று அந்த ஏழு பேரும், மாதம்மாளும் அவரோடு பழம் பறித்த நான்கு பெண்களுமாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மேசைகளை நீள வரிசையாகப் போட்டு வாழை இலை விரித்திருந்தது. கலாவதி வாளியோடு முதல் சுற்றுப் போனார். இலைகள் காலியாயின. பன்னிரண்டு பேரும் கையை இலையோரத்தில் வைத்துக்கொண்டு சமையல்கட்டைப் பார்த்தார்கள்.

அங்கே இரண்டாவது வாளியில் பாஸ்தா ஒரே கட்டியாகிக் கிடந்தது. சோறுபோல மொத்தமாக வடித்து மூடி வைத்திருந்தார் கலாவதி. சோறு பொறுத்துக்கொள்ளும், பாஸ்தா பொறுத்துக்கொள்ளாது. கரண்டியை விட்டுத் தூக்கினால் வாளியே கூட வந்து டங்கென்று தரையில் உட்கார்ந்தது.

பீட்சா அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி நின்ற மணி, அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார். வாளிக்குள் பார்த்தார்.

"இதையா கொண்டு போயி வெக்கப் போற?"

"வேற என்னங்க பண்றது? எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க."

"இதைத் தின்னுட்டுப் போனாங்கன்னா கிளியூர்ல என் பேரு என்னாகறது? நகரு."

மணி உலையை ஏற்றினார். புதுப் பாஸ்தாவை இரண்டு கை மட்டும் போட்டார். வெந்ததும் எடுத்து, குழம்பில் புரட்டி, கலாவதியின் வாளியில் கொட்டி, மறுபடி இரண்டு கை போட்டார். அதுவரை கலாவதி வெளியே போய், "சாமி, ஒரு நிமிசம், சூடா வருது" என்று சொல்லி ஆளுக்கொரு பூண்டு ரொட்டி வைத்தார். வாளி வந்தது. கலாவதி சின்னராஜின் இலை முன்னால் நின்று கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களாண்ணா?"

"போதுமுங்க" என்றார் சின்னராஜ், கையை இலைக்கு மேலே நீட்டி. ஆனால் விரல்களுக்கிடையே இடம் விட்டிருந்தார். கலாவதி அந்த இடத்தில் வைத்தார். மூன்றாம் சுற்றிலும் அதேபோல் வைத்தார்.

கடைசியில் வந்த இனிப்பை மாதம்மாள் நாக்கில் வைத்து, "இது நம்ம தோட்டத்துக் காப்பி" என்றார். பறித்த பெண்கள் நால்வரும் இன்னொரு தடவை கேட்டு வாங்கி, ஆமாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

சின்னராஜ் கை கழுவிவிட்டு வந்து, "தட்டு வெச்சுக் கூப்பிட்டுட்டுக் காசும் வாங்கறீங்களா அம்மிணி?" என்றார்.

"கூப்பிட்டது வேற, காசு வேறங்ணா."

"அப்படிச் சொல்லுங்க. சும்மாப் போட்டிருந்தா அடுத்த வாரம் நான் எப்படி வர்றது?"

அடுத்த வாரம் முப்பத்து மூன்று பேர். அதற்கடுத்த வாரம் நாற்பத்தொன்று. செப்டம்பரில் வெள்ளக்கடையிலிருந்து வேன் பேசிக்கொண்டு வந்தார்கள். இரண்டு கை, இரண்டு கை என்று மணி இறக்கிக்கொண்டே இருந்தார். கப்பலில் ஒன்பது நிமிடத்தில் வெந்தது மலை உயரத்தில் வேக இன்னும் நேரம் பிடிக்கிறது என்று முதலில் புலம்பியவர், பிறகு அந்த நேரத்தில் எட்டிப் பார்த்து, எந்த இலை காலியாக இருக்கிறது என்று கலாவதிக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

அக்டோபரில் ஞானசுந்தரத்தின் இரண்டாவது கடிதம் வந்தது. சென்னைக்காரர் அவசரப்படுகிறார், காலி செய்யும் தேதியைச் சொல்லுங்கள் என்று இருந்தது. கலாவதி பதில் போடவில்லை. மாத முடிவில் பார்த்தபோது இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே இன்னும் குறைந்தது. நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை பதினோரு பேர்தான் வந்தார்கள்.

அன்று மழையில் நனைந்துகொண்டு சின்னராஜ் வந்தார். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ.

"கவிப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம் வெச்சிருக்குதுங்க. வர்ற இருவதாந்தேதி. மாப்பிள்ளை ஊடு தம்மம்பட்டி. விருந்து இங்கதான். எரநூத்தி இருவது பேரு. உங்களால ஆகுமா?"

கலாவதி மணியைப் பார்த்தார். மணி, "வாளி பத்தாது. இன்னும் நாலு வாங்கோணும்" என்றார்.

நிச்சயதார்த்தத்தன்று நான்கு பந்தி நடந்தது. மாதம்மாளும் அவருடைய தோழிகளும் பரிமாறினார்கள். தம்மம்பட்டிப் பெரியவர் ஒருவர் பாஸ்தாவை விரலால் எடுத்துப் பார்த்து, "இது என்ன குழாயி?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த சின்னராஜ், வீட்டுப் பண்டத்தைப் பற்றிச் சொல்வதுபோல, "இது எங்க மலைப் பக்கம் விருந்துக்குப் போடறதுங்க. மொதச் சுத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, இருங்க" என்றார். பெரியவர் நான்காம் சுற்று வரை இருந்தார்.

அன்றைய வசூல்தான் மேலே கடைசியாக உள்ள 39,600. செலவு போக மிஞ்சியதில், முன்பணத்துக்குக் குறைந்த தொகை நிரம்பிவிட்டது.

25-11-2024 திங்களன்று கலாவதியும் மணியும் நானும் சேலம் போனோம். ஞானசுந்தரம் பணத்தை எண்ணி முடித்து, "சென்னைக்காரங்க இன்னும் கூடவே தர்றேங்கறாங்க" என்றார்.

"நீங்க எழுதுன தொகைதானுங்க இது. தேதிக்கு அஞ்சு நாள் முன்னாடியே வந்திருக்கறோம்" என்றார் கலாவதி.

அவர் பணத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு தலையாட்டினார். "சரி, எழுதி அனுப்பறேன். அந்தப் புதங்கெழமை விருந்தப் பத்தி இங்க வரைக்கும் பேசறாங்க. எங்களுக்கு நாலு எடம் போட்டு வெப்பீங்களா?"

"புதன்ல எடம் போட்டு வெக்கறதில்லைங்க. வந்து வரிசையில உக்காந்தீங்கன்னா, போதும்ங்கற வரைக்கும் போடுவோம்."

மணி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஞானசுந்தரம் சிரித்துவிட்டார்.

ஒன்பது வருடத்துக்குக் கையெழுத்திட்ட பத்திரத்தோடு அவருடைய கடைசிக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் ஜெப்சன் வந்த நேரம் பந்தி நடந்துகொண்டிருந்தது. கலாவதி ஒரு கையில் வாளியோடு வந்து, மறு கையால் கையெழுத்துப் போட்டு வாங்கி, அதைப் பிரிக்காமல் என் மேசையில் வைத்துவிட்டு, ஜெப்சனுக்கு ஓர் இலை போடச் சொன்னார்.

கடிதம் வந்தது 4-12-2024, புதன்.