படிக்கட்டில் நின்றுபோன கதை

மாடிப்படியின் முதல் படியில் கால் வைத்ததும் அப்பா ஒரு கதையை ஆரம்பித்துவிடுவார். முதுகில் ஃபிரிட்ஜ் இருந்தாலும் சரி, பீரோ இருந்தாலும் சரி. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவருக்குப் பிழைப்பு. கீழே ஆரம்பித்த கதை மேல்மாடிக் கதவைத் தட்டும்போது சரியாக முடியும். கட்டிலின் மறுமுனையைப் பிடித்து வரும் கூட்டாளிக்குச் சிரிக்கக்கூட மூச்சு மிஞ்சாது. "யோவ் இன்ஜினு, வாயை மூடிக்கிட்டு ஏறேன். நீ பேசப் பேச எனக்குத்தான்யா மூச்சு வாங்குது."

அவர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் மகள். ஓட்டத்தால் கிடைத்த இடம். நெடுந்தூர ஓட்டத்தில் அவள் பெயர் மேலே வரத் தொடங்கிய நேரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை குறுக்கே வந்து விழுந்தது. ஹீமோகுளோபின் எக்கச்சக்கம். ஊக்கமருந்து என்று சந்தேகப்பட்ட விளையாட்டுச் சங்கம் அவளை ஓடவிடாமல் நிறுத்தி வைத்தது. விடுதியில் காதுபடவே பேசினார்கள்: "ஊசி போட்டா நான்கூடத்தான் ஓடுவேன்."

கல்லூரி மருத்துவர் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். சில குடும்பங்களில் சிவப்பணுக்கள் பிறவியிலேயே கூடுதலாக ஊறும். தசைகளுக்கு ஆக்சிஜன் தாராளமாகப் போய்ச் சேரும். "உங்க வீட்டுல யாருக்காவது மூச்சே வாங்காதா?" என்று கேட்டார். அப்பாவை நினைத்து, பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

அப்பாவின் ரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர். பரிசோதனைக் கூடம் மருத்துவமனையின் மேல்மாடியில். அப்பா லிஃப்ட் பக்கம் திரும்பவே இல்லை. முதல் படியிலேயே கதை கிளம்பிவிட்டது. ஒரு தையல்காரர் வீட்டு அலமாரி. வாசலில் நுழையவில்லை, ஜன்னலில் நுழையவில்லை, கயிறு கட்டி மொட்டைமாடி வழியாக இறக்கினார்களாம். "இறக்கி வச்சுட்டு வேர்வையைத் துடைக்கிறோம், உள்ளேர்ந்து 'ஹச்'சுனு ஒரு தும்மல்…"

பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"என்னப்பா, மூச்சு வாங்குதா?" அவளுக்குத் திக்கென்றது.

"இல்லம்மா." கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் ரத்தம் சாதாரணமா இருந்துட்டா? நானே உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமே."

ஊசிக்குப் பயமா என்று கேலி செய்ய வாயெடுத்தவள் அதை விழுங்கிக்கொண்டாள். "நான் எதுவும் போட்டுக்கலன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும்மா. ரத்தத்துக்குத் தெரியணுமே."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மீதிப் படிகளை இருவரும் பேசாமல் ஏறினார்கள்.

மரபணுவில் இருவருக்கும் அதே மாற்றம் இருந்தது. ஹீமோகுளோபினில் அப்பா அவளையும் தாண்டியிருந்தார். தடை நீங்கியது. "மகளையே ஜெயிச்சுட்டேன் தெரியுமா?" என்று கூட்டாளியிடம் பீற்றிக்கொண்டார். அவளுக்கோ சந்தோஷத்துக்குள் ஒரு முள் நெருடியது.

"அப்ப ஜெயிச்சதெல்லாம் உங்க ரத்தம்தானாப்பா? நான் என்னதான் செஞ்சேன்?"

"அட போடி. அதே ரத்தம்தானே எனக்கும்? பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடினதில்லயே!"

அது முழுப் பதிலா என்று அவளுக்கு இன்றும் தெரியாது. ஓடும்போது நினைவு வந்தால் சிரிப்பு மட்டும் வரும்.

மூச்சு கைவிடாத மனிதரை முழங்கால் கைவிட்டது. இப்போது தரைத்தளத்தில் வீடு. கிடங்கு வாசலில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பும் வேலை. ஏறுவதற்குப் படியே இல்லை. போட்டி முடிந்து வந்து பையை இறக்கும்போதெல்லாம் மகள் கேட்பாள்: "அலமாரிக்குள்ள தும்முனது யாருப்பா?"

"உக்காந்துக்கிட்டு சொன்னா கதை வராதும்மா. ஒரு மாடி காட்டு, சொல்றேன்."

அந்தத் தும்மல் இன்னும் பாக்கி.