புகையாய்ப் போன தையல் மிஷின்

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் எங்கள் கூரை வீட்டைப் பார்த்துவிட்டு, காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். அதனால் செங்கல்பட்டு மாப்பிள்ளை வீட்டார் முதலில் படம் அனுப்பச் சொன்னதும் அப்பாவுக்கு வேகம் வந்துவிட்டது. அக்காவின் பின்னால் நிறுத்தப் பக்கத்து வீடுகளிலிருந்து தையல் மிஷின், சைக்கிள், ரேடியோ எல்லாம் இரவல் வாங்கி வந்தார். மாமல்லபுரத்துப் பக்கம் எங்கள் தெருவில் அது வழக்கம்தான். அந்த ரேடியோ எத்தனை பெண்களின் படத்தில் நின்றிருக்கிறதோ! பாவம், அதற்குள் பேட்டரிதான் கிடையாது.

கல்பாக்கத்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, கேமரா வாங்கும் ஆசையில் இருந்தார். சிநேகிதர் ஒருவர் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு கொடுத்திருந்தார். இரண்டுமே உள்ளங்கை அகலம்தான். ஒன்றில் அமுக்கினால் போதும், கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே தெளிவாய் விழுமாம். இன்னொன்று கொஞ்சம் கனம். அதில் குறி வைத்தது மட்டும் தெளிவாய் விழும், மற்றதெல்லாம் மங்கிவிடுமாம். முன்னால் கண்ணாடியைச் சுற்றி வளையங்கள், அவற்றில் எண்கள். எனக்கு அன்றும் எண் தெரியாது, இன்றும் தெரியாது. மாமா அதை என் கண்ணில் வைத்துவிட்டார். ஐயோ, உள்ளே இரண்டு அக்கா! இரண்டு மூக்குத்தி! அவர் வளையத்தை மெல்லத் திருகத் திருக, ஒருத்தி நகர்ந்து வந்து இன்னொருத்திக்குள் புகுந்துகொண்டாள். கோயிலில் திரை விலகும்போதுகூட நான் அப்படி வாய் பிளந்ததில்லை.

"கிட்ட, தூரம் எல்லாம் தெளிவா வுழும்னியே, அந்த கேமராவுலயே எடு மச்சான்," என்றார் அப்பா.

அவர் சைக்கிளைத் துடைக்கப் போன நேரம் அக்கா மாமாவிடம் வந்தாள். "பின்னால கீறது எதுவும் தெரியக்கூடாது மாமா. நாளைக்கி அதெல்லாம் சீரா குடுன்னு கேட்டா, அப்பா எங்க போவாரு?"

மாமா கனமான கேமராவைக் கையில் எடுத்தார்.

"நீ சொன்ன கேமராவுல பிலிம் சிக்கிக்கிச்சி மாமா," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அக்காவைப் புங்கமரத்து நிழலுக்கு, முன்னால், இன்னும் முன்னால் என்று நடத்திக்கொண்டே வந்தார்.

"எதுக்குடா அம்மாந்தூரம்? இப்டியே கடலுக்குள்ள இட்னு பூடுவ போலகீது!" என்று கத்தினார் அப்பா.

சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொள்ள நான் பின்னால் நின்றேன். எனக்கும் பூ வைத்திருந்தார்கள்.

படம் வந்த அன்று எல்லோரும் அதன்மேல் கவிழ்ந்தோம். அக்காவின் இமைமுடியைத் தனித்தனியாய் எண்ணலாம். பின்னாலோ சோறு வடிக்கும்போது எழும் ஆவி மாதிரி ஒரே புகை. இலைச் சந்து வெயிலெல்லாம் வட்ட வட்டமாய், குட்டிக் குட்டி நிலாவாய் அவளைச் சுற்றி மிதந்தது. இப்போது என் பேரன்கள் போனை ஒரு தட்டுத் தட்டி இதைச் செய்துவிடுகிறார்கள். ஆனாலும் அந்த நிலா அதில் வருவதில்லை.

"இன்னாடா இது! மிஷின் எங்க?"

"அதோ கறுப்பா கீதே மாமா."

"அது மிஷினா, எருமையா?"

அப்பா படத்தைக் கிழிக்கப் போனார். படத்தை வாங்கிப் போக வந்திருந்த கல்யாணத் தரகர் அதற்குள் பிடுங்கிக்கொண்டார். "சும்மா இருய்யா. பொண்ணு லட்சணமா கீது, அது போதாது?"

மாப்பிள்ளையின் அம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டேதான் வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார், அக்காவைப் பார்த்தார், காபியை முழுசாகக் குடித்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "சீரு..."

"படத்துல பொண்ணத் தவிர ஒண்ணியும் தெரில. அவளதான் கேட்டு வந்துகீறோம். வேற இன்னாத்த கேக்கறது?"

அக்கா புழக்கடைக்கு ஓடி வந்து என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். படத்தில் நான் புகையாய்ப் போனதற்குத்தான் அவ்வளவு அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கே பாவமாகிவிட்டது. பாவாடை நுனியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்:

"வுடுக்கா, அழுவாத. அடுத்த படத்துல நா முன்னால நின்னுக்கறேன்."