கிணற்று நிதியும் சேர்மனின் சொந்தக் கணக்கும்

என் தங்கை வாந்திபேதியில் இறந்தபோது முனிசிபல் சேர்மன் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கோடையில் தச்சநல்லூரில் வாய்க்கால் தண்ணீரைக் குடித்த பலர் செத்துப்போனார்கள். நல்ல தண்ணீருக்குக் கிணறு வெட்ட நிதி திரட்டப்போவதாக அவர் அறிவித்தார். நாற்று நடும் பெண்கள்கூடத் தங்கள் கூலியில் ஒரு பங்கு கொடுத்தார்கள்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பாங்கில் குமாஸ்தா. வேலையை வாங்கித் தந்தவரே சேர்மன்தான். கிணற்று நிதிக் கணக்கும் எங்கள் பாங்கில்தான் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம். நான்கு மாதத்துக்குள் மூன்று செக்குகள் வந்தன. மூன்றிலும் நிதிப் பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போயிற்று. அங்கிருந்து மறுநாளே சென்னையிலிருந்த அவர் மருமகன் பெயருக்கு. எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதியது என் கை. மூன்றாவதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மானேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பேசாம சோலியப் பாரும்வே. அவரு பணம் எடுக்க அதிகாரம் உள்ளவரு," என்றார்.

"அப்பம் கெணறு எங்கன சார் இருக்கு?"

"அதக் கேக்க நாம யாரு?"

தங்கையைச் சுடுகாட்டுக்குச் சுமந்துபோனவன் நான். என்னைப் பார்த்து யார் என்கிறார். அன்றைக்கே கலெக்டருக்கு மனு எழுதினேன். மொட்டைக் கடிதமாகப் போடு என்றார்கள் நண்பர்கள். நான் ஒளிய வேண்டிய காரியம் எதுவும் செய்யவில்லை. பெயர் போட்டே அனுப்பினேன்.

விசாரணை முனிசிபல் ஆபீசில் நடந்தது. பணம் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் தன் கணக்கில் வைத்ததாகச் சேர்மன் சொன்னார். மருமகனுக்கு ஏன் போனது என்று கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வெளியே வந்தவர் என் முன்னால் நின்றார்.

"ஏலே, ஒனக்கு அந்த வேலய வாங்கிக் குடுத்தது யாருலே?"

"வேலதான் வாங்கிக் குடுத்திய அண்ணாச்சி. என் வாய வெலைக்கு வாங்கலியே."

உடல்நலம் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துச் சேர்மன் பதவியை விட்டார். பணத்தைத் திருப்பிக் கட்டியதால் வழக்குக்கூட இல்லை. கவுன்சிலர்கள் மாலை போட்டு வழியனுப்பினார்கள். வாடிக்கையாளரின் கணக்கை வெளியே சொன்ன குற்றத்துக்காக அதே வாரம் என்னை பாங்கிலிருந்து நீக்கினார்கள்.

அடுத்த வருஷம் கிணறு வெட்டி முடிந்தது. அதன் கல்வெட்டில் அவர் பெயரைத்தான் பொறித்திருந்தார்கள். எடுக்கச் சொல்லி மூன்று மனு கொடுத்தேன். பதில் வரவில்லை. நான்காவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.