இரண்டு முறை சுண்டிய மூலிகை டீ

தி.நகரில் பட்டுப் புடவை விற்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். முத்துலட்சுமி ஒருவர்தான். நான்கு மாடிக் கடையொன்றின் இரண்டாவது மாடியில், வெள்ளை மெத்தை விரிப்பின் மேல் அமர்ந்து பதினொரு வருஷமாக ஆட்சி செய்கிறவர். "இந்த பார்டர் உங்களுக்குன்னே நெய்ததுக்கா" என்று அவர் சொன்னால், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட வீட்டில் யாருக்குக் கல்யாணம் செய்யலாம் என்று யோசிப்பார்கள்.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் அந்தக் குரல் போய்விட்டது. காற்று மட்டும் வந்தது.

அந்த மாடிக்குப் பொறுப்பாளர் அய்யாதுரை, திருநெல்வேலிக்காரர். "குரல் இல்லாம பட்டு விக்க முடியுமா தாயி? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். வியாபாரம் நடக்கலேன்னா கீழ உள்பாவாடை செக்‌ஷனுக்குப் போயிரு. அங்க வாயத் தொறக்கவே வேண்டாம். அளவு சொல்லுவாவ, எடுத்துக் குடுத்திரலாம்" என்றார்.

ராஜ்யத்தை இழந்த மன்னர்கள் உண்டு. ஆனால் அவர்களை யாரும் உள்பாவாடை செக்‌ஷனுக்கு அனுப்பவில்லை.

மறுநாள் காலை, சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் முத்துலட்சுமி போருக்கு ஆயத்தமானார். மல்லி விதையை வாசம் வரும்வரை வறுத்தார். சுக்கைத் தட்டினார். ஒரு கை மிளகு, விரல் நீளத்துக்கு அதிமதுரம், துளசி, பெயின்ட் டப்பாவில் வளரும் கற்பூரவல்லியில் நாலு இலை. பதினாறு டம்ளர் தண்ணீர் நாலு டம்ளரானதும் அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அப்போது சமையலறைக்குள் வந்தார் அவருடைய கணவர் சக்திவேல். ஆட்டோ ஓட்டுபவர். அவருக்குத் தெரிந்த மருத்துவம் மொத்தமும் ஒரே வரி: எதைக் கொதிக்க வைத்தாலும் நாலு டம்ளர் ஒரு டம்ளராக வேண்டும். பாத்திரத்தில் நாலு டம்ளர் இருந்தது. மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார்.

"இன்னாம்மா, பாதியில வுட்டுட்டுப் போய்ட்ட? நான்தான் கூடவே நின்னு சுண்ட வெச்சேன். நாலுக்கு ஒண்ணு, கரெக்டா கீது பாரு."

மனைவிக்குக் குரல் இல்லாததால் அவர் உயிர் தப்பினார்.

வேறு செய்ய நேரமில்லை. வடிகட்டி, பனங்கல்கண்டு போட்டு, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு முத்துலட்சுமி கிளம்பினார். ஆயிரம் விளக்கு அருகே பஸ்ஸில் ஒரு வாய் குடித்தார். பனகல் பூங்கா வந்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

பதினோரு மணிக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மணப்பெண் மாளவிகா, அவள் அப்பா ராமானுஜம், அப்பாவின் அக்கா கோமளம். அத்தைக்கு அரக்கு வேண்டும், அப்பாவுக்கு மாம்பழ மஞ்சள். இரண்டு மணி நேரம் இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். புடவை கட்டிக்கொள்ளப் போகிறவள் வாயைத் திறந்தபோதெல்லாம், "நீ இரு" என்றார்கள் இருவரும். இதில் மட்டும் ஒற்றுமை. முத்துலட்சுமியால் புடவையைப் பிரிக்கத்தான் முடிந்தது. அய்யாதுரை தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்டையை நனைக்க முத்துலட்சுமி பிளாஸ்க்கைத் திறந்தார்.

"என்னடிம்மா அது, கஷாயமா? வாசனை மூக்கைத் துளைக்கறதே" என்றாள் கோமளம். "ஏசி தொண்டையைப் பிடிச்சுண்டுடுத்து. எனக்கும் ஒரு வாய் விடேன்."

முத்துலட்சுமி இரண்டு கைகளையும் ஆட்டித் தடுத்தார்.

"உனக்கு இல்லாம போயிடுமோன்னு பாக்கறியா? கொஞ்சம் போறும்." கோமளம் பிளாஸ்க்கைத் தானே எடுத்துக் காகித டம்ளர்களில் ஊற்றினாள். "ராமானுஜம், நீயும் குடிடா. காலம்பற இருமிண்டிருந்தியே."

இருவரும் ஒரே மூச்சில் குடித்தார்கள்.

பிறகு நடந்ததை அந்த மாடி இன்றும் மறக்கவில்லை. மயிலாப்பூர் மௌனமாயிற்று. அக்காவும் தம்பியும் வாயைத் திறந்தபடி, கண்ணில் நீர் வழிய, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மெத்தைகளில் புடவை பிரிப்பவர்களும் கையை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"எனக்கு அந்த மயில்கழுத்து நீலம். மொதல்லயே காமிச்சாளே, அது."

அத்தை மறுக்க முயன்றாள். காற்று மட்டும் வந்தது. அப்பா தலையை ஆட்டினார். அது சம்மதமா, மிளகா என்று யாரும் விசாரிக்கவில்லை. அய்யாதுரை ஓடிவந்து பில் போடச் சொன்னார்.

அவர்கள் போனதும் பிளாஸ்க்கை முகர்ந்து பார்த்த அய்யாதுரை, இரண்டடி பின்வாங்கினார். "நீ பட்டுலயே இரு தாயி" என்றார், கொஞ்சம் தள்ளி நின்றே.

மூன்றாம் நாள் குரல் திரும்பியது. முதல் வாக்கியம் தனக்குத்தான் என்று தெரிந்து சக்திவேல் தலைகுனிந்து காத்திருந்தார்.

"நாளைக்கும் முகூர்த்தக் கூட்டம்" என்றார் முத்துலட்சுமி. "ரெண்டு தபா சுண்ட வெச்சுடு."