சத்திரம் போடுங்க சார்

ஸ்ரீரங்கத்தில் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. எங்கள் ஜெசிந்தா மேடத்தின் கணவர் அந்தோணி. "ஜெசி போயிட்டா சார், விடியக்காலைல." என் வாயில் வந்தது இதுதான்: "ஐயோ, முந்தாநாள்கூட நல்லா இருக்கேன்னு சொன்னாங்களே!" அவர் கோபப்படவில்லை. "நல்லா இருக்கீங்களான்னு கேட்டிருப்பீங்க சார்," என்றார்.

துவாக்குடி கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தப் பதிலின் எடை புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து மோட்டாரைத் தூரத்திலிருந்தே போட, நிறுத்த ரேடியோ பெட்டி செய்கிறோம். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து சிக்னல் அனுப்பி, பெட்டி அதைச் சரியாக வாங்குகிறதா என்று பார்ப்போம். அதில் எந்த டேட்டாவை ஏற்றுவது என்பது நம் விருப்பம். ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று மாறி மாறிப் போகும் வரிசைக்கு மேடம் வைத்த பெயர் 'ஊஞ்சல்'. தாறுமாறாகத் தெரியும் வரிசைக்குச் 'சத்திரம்'. எங்கள் ஊர்ச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுதான். "பாக்கத்தான் சார் களேபரம். எந்த பஸ்ஸுக்கு அப்புறம் எந்த பஸ்னு நமக்குத் தெரியும்ல? ஒண்ணு வரலைன்னாலும் பிடிச்சிடலாம்."

நான் ஊஞ்சல் ஆள். அதில் எந்தப் பெட்டியும் பாஸாகிவிடும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அப்படிப் பாஸான பெட்டி ஒன்று முசிறியில் ஒரு வாழைத் தோட்டத்துக்குப் போனது. தொடர்ந்து பூஜ்யமாக வந்த இடத்தில் தடுமாறி, மோட்டாரை நிறுத்தச் சொன்னதைக் கேட்காமல் விட்டுவிட்டது. தோட்டக்காரர் போனில், "உங்க பெட்டி உங்க ஆபீஸ்ல மட்டுந்தான் வேலை செய்யுங்களா?" என்றார். மேடம் சிரித்துத் தள்ளிவிட்டு என்னிடம் சொன்னார்: "சுலபமான கேள்வி கேட்டா எல்லாரும் பாஸ் சார். சத்திரம் போடுங்க."

மனிதர்களிடமும் அவர் சத்திரம்தான் போடுவார். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மதியம் டப்பாவைத் திறந்ததும், "என்ன சார், இன்னைக்கு சாம்பாரைத் திட்டவே இல்ல? வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். வராத பஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டார். அன்று சாயங்காலம் பாலக்கரையில் தன் வீட்டு ஸ்டாப்பில் இறங்காமல் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது நான் என்ன செய்தேன்? தினமும் காலையில், "நல்லா இருக்கீங்களா மேடம்?" "நல்லா இருக்கேன் சார்." முடிந்தது. கருவியைப் போட்டுவிடுவேன். அவர் மாடிப்படியில் நின்று நின்று ஏறியதைப் பார்த்தேன், கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம்தான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கேவலம் அதோடும் நிற்கவில்லை. கல்லறையில் மண் போட்டுவிட்டு அந்தோணியின் கையைப் பிடித்தேன். நாக்கு பழக்க தோஷம், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டே விட்டது. அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்கேன் சார்," என்றார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நேற்று அவருக்குப் போன் செய்தேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்கவில்லை. "காலைல காபி யார் போட்டது?" என்றேன். "ரெண்டு டம்ளர் போட்டுட்டேன் சார்," என்று சொல்லி அழ ஆரம்பித்தார். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இப்படிச் சத்திரம் போட்டுக் கேட்பது ஒன்றைத்தான். அவருக்கு அதைச் செய்யாமல் விட்டேன்.