ஒளிப்படத்தில் எஞ்சிய கை

இராக்கம்மா சென்ற மாதம் காலமானார். அவர் வாழ்வில் நேர்ந்த பிரிவுக்கு என் எழுதுகோலும் ஒரு காரணம் என்பதை அறிந்தவன் இங்கே இனி நான் ஒருவனே. எனவேதான் இக்குறிப்பு.

இழவு வீட்டில் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தார்கள். பூச்சி உருண்டையின் நெடி எழுந்தது. அதனோடு ஓர் ஒளிப்படமும் என் கைக்கு வந்தது. அட்டனில் எடுத்தது. அந்நாளில் நான் கொட்டகலையை அடுத்த தோட்டப் பள்ளியில் இளம் ஆசிரியன். திருத்தமாக எழுதுபவன் என்ற பெயரும், அதனினும் பெரிய செருக்கும் உடையவன்.

கண்டி மன்னரின் காடாயிருந்த இம்மலை, வெள்ளையரின் கோப்பித் தோட்டமாகிப் பின் தேயிலை மலையாயிற்று. அதற்கெனத் திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து நம் முன்னோரை நடத்தியே கொண்டுவந்தனர். பேரரசு கப்பலேறிய பின், இலங்கை, இந்தியா என இரு அரசுகள் நம்மைப் பங்கிட்டுக்கொண்டன. நூலில் இவ்வளவுதான் வரலாறு; தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு அது விண்ணப்பத் தாளாக வந்து சேர்ந்தது. அத்தாள்களை நிரப்பித் தருவது என் மாலை வேலை.

இராக்கம்மாவின் தந்தை சன்னாசி, குடும்பத்தோடு இந்தியா செல்ல விண்ணப்பித்தார். பதினெட்டு நிறைந்த பிள்ளைகள் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள்.

“மூத்தவளுக்குப் பதினேழுன்னு போட்டுருங்க வாத்தியாரே. எல்லாரும் ஒண்ணாப் போயிருவோம்.”

நானோ பள்ளியின் பெயர்ப் பதிவேடான இடாப்பைப் புரட்டினேன். பதினெட்டு நிறைந்து இரண்டு திங்கள் ஆகியிருந்தன. அவ்வாறே எழுதினேன். பொய் எழுத மாட்டேன் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன்.

கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போன அன்று, வருவோர்க்கெல்லாம் மாட்டும் அதே கறுப்புக் கோட்டை ஸ்டூடியோவில் சன்னாசிக்கும் மாட்டினார்கள்.

“அப்பா, தொரையாட்டமே இருக்கீங்க! நாளைக்குப் பெரட்டுல நீங்களே ஆள் பிரிச்சு வேலைக்கு அனுப்புங்க,” என்றார் இராக்கம்மா.

“சும்மா இரு புள்ள, கழுத்த இறுக்குது.”

தங்கை பாக்கியத்தின் தோளில் கைவைத்தபடி இராக்கம்மாவும் நின்றார். படக்காரர் தாளைப் பார்த்தார். “மூத்த பொண்ணு பேரு இதுல இல்லையே. கொஞ்சம் ஒதுங்கிக்கங்கம்மா.”

ஒதுங்கினார்.

அவருக்கெனத் தனி விண்ணப்பம் அனுப்பினோம், மறுமொழி வரவில்லை. குடும்பத்துக்கோ நாள் குறித்துவிட்டார்கள். கொட்டகலை நிலையத்தில் புகைவண்டியின் ஊதலை அழுகுரல்கள் விழுங்கின. “அழாத புள்ள, அடுத்த கப்பல்ல வந்துருவ,” என்று சன்னாசி சாளரத்திலிருந்து கத்தினார்.

அடுத்த கப்பலிலும் இராக்கம்மா போகவில்லை. பல்லாண்டுகள் எந்நாட்டுக்கும் உரியவரல்லாமல் இங்கேயே கொழுந்து பறித்தார். அக்கரையிலிருந்து வந்த கடிதங்களும் ஓய்ந்தன. என்னை அவர் நொந்ததில்லை. ஒரே ஒருமுறை, “நீங்க சரியாத்தான் எழுதினீங்க வாத்தியாரே,” என்றார்.

அந்த ஸ்டூடியோவில் இன்று கைத்தொலைபேசி விற்கிறார்கள். தலைமன்னாரிலிருந்து அக்கப்பல் புறப்படுவதில்லை. சன்னாசி குடியிருந்த லயத்துக்குக் கூரையும் இல்லை. படம் இருக்கிறது: கோட்டணிந்த தந்தை, தாய், பாக்கியம், பாக்கியத்தின் தோள்மேல், ஓரத்திலிருந்து நீண்ட ஒரு கை.

இதில் பெயரோ நிகழ்வோ பிறழ்ந்திருப்பின் அறிந்தோர் திருத்துக. பாக்கியம் எங்கேனும் இருந்து படிக்க நேர்ந்தால், அவரும் திருத்தட்டும். இராக்கம்மாவின் வயதில் மட்டும் பிழை இராது. அதை நானே சரிபார்த்தேன்.