வீடா, வெறும் தரையா

அப்பாவின் குரல் எங்கள் வீட்டுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வரும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். கடிதம் எழுதுவதில் சோம்பேறி. கேசட்டில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நானும் அம்மாவும் நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கேசட் வந்த அன்று அவள் வேலையிலிருந்து திரும்பிப் புடவையைக்கூட மாற்றாமல் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் வந்த கேசட்டில் அப்பா ஒரே விஷயத்தைத்தான் பேசியிருந்தார். "இன்னும் ரெண்டே வருஷம். அப்பறம் வந்துடுவேன். ரெண்டு மாடு, நாலு கோழி, கொல்லையில காய்கறி, சாப்பாட்டுக்கு நெல்லு. கடையில உப்பும் மண்ணெண்ணெயும் மட்டும்தான் வாங்கணும். அதுக்கு ஒரு எடத்தப் பாத்து முடிச்சு வையி."

தரகர் இரண்டு இடங்களைச் சொல்லியிருந்தார். ஒன்று, எங்கள் ஊரை ஒட்டி வாய்க்காலோரம் ஒரு ஏக்கர் வெறும் தரை. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பாதை இல்லை, கரண்ட் இல்லை, கோரையும் நத்தையும் மட்டும் உண்டு. இன்னொன்று, கூத்தாநல்லூர் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, இறங்கி, வாய்க்கால் கரையோடு அரை மணி நேரம் நடந்தால் வரும் ஒரு கிராமத்தில் பழைய ஓட்டு வீடு. கிணறு, மாட்டுக்கொட்டகை, இருபது தென்னை. வீட்டுக்காரரின் பிள்ளைகளில் ஒருவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் இன்னொருவர் அமெரிக்காவுக்கும் போய்விட, பெரியவர்களும் அவர்களோடு கிளம்பிவிட்டார்கள்.

அம்மா முன்பே எழுதியிருந்ததில் அப்பாவுக்கு வீடுதான் பிடித்திருந்தது. அம்மாவுக்கும்தான். மண் அடித்து மேடாக்கி, போர் போட்டு, கரண்டுக்கு அலைந்து, ஒற்றைப் பொம்பளையாக நின்று வீடு கட்டுவது நடக்கிற காரியமா என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கொட்டகையில் மாட்டைக் கட்டினால் மறுநாளே பால் கறக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. இப்படியாக மூன்று பேரும் ஒரே முடிவில் இருந்த ஒரு காலையில், அம்மாவும் நானும் அந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பினோம்.

சாவி வைத்திருந்தவர் வீட்டுக்காரருக்குப் பங்காளி. வாசலுக்கே வந்து, "வாங்க நர்சம்மா, வாங்க. வெயில்ல நடந்தே வந்துட்டீங்களே" என்று நாற்காலி போட்டார். தரகர் அவரிடம் 'சிங்கப்பூர் பார்ட்டி, சம்சாரம் நர்ஸ்' என்று மட்டும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காத எதையும் அம்மா மறைக்கவுமில்லை. கொல்லையில் ஒருவர் தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியாக, கறுப்பாக, இடுப்பில் நீண்ட அரிவாளோடு. சாவிக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நர்சம்மாவுக்கும் பாப்பாவுக்கும் எளநி வெட்டுடா" என்றார். அப்பா வயது இருக்கும் ஒருவரை 'டா' போட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அம்மா உத்தரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. அவள் கையில் ஒரு கொய்யாப்பழம் இருந்தது.

"எந்த ஊரு பாப்பா நீ?"

நீடாமங்கலம் என்றேன். அது குடியிருக்கும் ஊர், சொந்த ஊர் எது என்றாள். பாபநாசம் பக்கத்தில் தாத்தாவின் ஊரைச் சொன்னேன். அவளுக்கு அந்த ஊர் தெரிந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"அங்க எந்தத் தெரு?"

எனக்கு எல்லாக் கேள்விக்கும் முழு விடை எழுதித்தான் பழக்கம். தெரு இல்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி என்றேன். தாத்தா பெரிய பண்ணையில் வேலை பார்த்தார் என்றும், இப்போது எங்களுக்கே அங்கே அரை ஏக்கர் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். கொய்யாப்பழத்துக்காகக் கையை நீட்டினேன். மதிலுக்கு மேல் வந்திருந்த அவள் கை பின்னால் போயிற்று. பிறகு முகமும் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நான்கைந்து ஆண்கள் வந்து நின்றார்கள். சத்தம் போடவில்லை. ஒருவர் சாவிக்காரரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ பேசினார். திரும்பி வந்த சாவிக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தூணைப் பார்த்து, "வீட்டுக்காரங்களக் கேட்டுத்தான் எதுவும் சொல்லணும். கெளம்பட்டும்" என்றார். அரை மணி நேரத்துக்கு முன்பு இருந்த 'வாங்க'வும் 'நர்சம்மா'வும் எங்கே போயின என்று தெரியவில்லை. இளநீர் வெட்டியவர் சீவின காயோடு அப்படியே நின்றார். யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

வாசலைத் தாண்டும்போது ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பொம்பளயும் புள்ளையுமா அவ்வளவு தூரம் நடக்கணும். வழியில ஆள் நடமாட்டம் கூட இருக்காது. பாத்துப் போகச் சொல்லுங்க."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. நான் கிணற்றுக் கயிற்றைத் தொட்டதுதான் தப்பாகிவிட்டது என்று நினைத்து அழ ஆரம்பித்தேன்.

உச்சி வெயில். மேட்டூரில் தண்ணீர் திறக்காத மாதம், வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்கள், ஒரு மாடு கூட இல்லை. பின்னால் சைக்கிள் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. திரும்பினேன். தென்னைக்குப் பாத்தி கட்டியவர். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு வந்தார். அரிவாள் இப்போது கேரியரில் இருந்தது, வெயிலில் பளபளவென்று.

"அம்மா, அந்த ஆளு வராரு."

"திரும்பிப் பாக்காத. நட."

நாங்கள் வேகமாக நடந்தால் அந்தச் சத்தமும் வேகமாக வந்தது. மெதுவாக நடந்தால் மெதுவாக வந்தது. முப்பதடி இடைவெளி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு ஒரு மொபெட் எங்களை உரசிக்கொண்டு முன்னால் போயிற்று. அதில் இருவர் இருந்தார்கள், ஒருவன் அந்தச் சிரித்தவன். மதகுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கட்டையில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்த்தார்கள். முன்னால் அவர்கள், பின்னால் அரிவாள். அம்மாவின் நடை ஒரு கணம் நின்றது. அவளுக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நர்சுகளுக்குப் பயம் கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன். பாவாடை நனைந்து காலோடு ஒழுகியது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் பெரிதாகக் கேட்டது. சைக்கிள் முப்பதடியிலிருந்து பத்தடிக்கு வந்தது. இதோ, பிடித்துவிட்டார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா இழுத்த இழுப்பில் கால் தானாக நடந்தது. மறுபடி கண்ணைத் திறந்தபோது மதகைத் தாண்டியிருந்தோம். மொபெட் உதைபட்டு, ஊர்ப் பக்கம் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. மெயின் ரோடுவரை அந்த ஆள் பின்னாலேயே வந்தார். தூரத்தில் ஒரு புங்கமரத்தடியில் நின்றார். எங்கள் பஸ் வந்த பிறகுதான் சைக்கிளைத் திருப்பினார். அம்மா அவர் இருந்த பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஈரப் பாவாடையோடு என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் மடியில் வைத்துக்கொள்வதில்லை.

அந்த வாரம் அம்மா கேசட்டில் அப்பாவுக்குப் பதில் பேசினாள். "உத்தரமெல்லாம் செல்லரிச்சுப் போச்சுங்க. வெறும் தரையே நமக்கு நல்லது" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. உத்தரம் இரும்பு மாதிரி இருக்கிறது என்று அன்று அவளே சொன்னதை நான் கேட்டிருந்தேன். நான் கயிற்றைத் தொட்ட விஷயம் தெரிந்தால் அப்பா திட்டுவார் என்றுதான் அம்மா பொய் சொல்கிறாள் என்று நம்பினேன். நன்றியாகவும் இருந்தது.

தரையை வாங்கினோம். அப்பா இரண்டு கேசட் முழுக்கக் கோபமாகப் பேசினார். அம்மா லாரி லாரியாக மண் அடித்தாள், கைப்பம்பு போட்டாள், இரண்டு அறையை எழுப்பிக் கூரை போட்டுத் தென்னங்கன்று வைத்தாள். முதல் ஐப்பசியில் வாசல்வரை தண்ணீர் வந்தது. பின்னாலேயே பாம்பும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும்வரை நான் தனியாகத்தான் இருக்க வேண்டும். பாம்புக்கு நான் பயப்படவில்லை. ஒவ்வொரு சைக்கிள் சத்தத்துக்கும் பயந்தேன்.

மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சத்தம் வந்தேவிட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். அதே ஆள், அதே அரிவாள். இன்னும் ஒல்லியாகியிருந்தார். நான் ஓடிப்போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

"நர்சம்மா இருக்காங்களா? தென்ன வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. எதும் வேல இருக்குமான்னு கேக்கலாம்னு..."

"அம்மா இல்ல. நாங்க இங்கேருந்து காலி பண்ணிட்டுப் போறோம். இனிமே வராதீங்க" என்றேன். எப்படி அவ்வளவு கோர்வையாகப் பொய் வந்தது என்று தெரியவில்லை.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "சரிம்மா. அம்மா வர்ற வரைக்கும் தாப்பாளத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா வந்ததும் பெருமையாகச் சொன்னேன், அரிவாள்காரரை விரட்டிவிட்டேன் என்று. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாரா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு எங்கேயோ பஸ்ஸேறிப் போய், பொழுது சாய்ந்து திரும்பினாள்.

அவள் எங்கே போனாள் என்பதை நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் சொன்னாள். அந்த ஓட்டு வீடு இருந்த ஊரின் காலனிக்குப் போயிருக்கிறாள், அவரைத் தேடி. எங்களுக்குத் துணையாக மெயின் ரோடுவரை வந்ததற்காக, ஊர்த்தெருவில் அவருக்கு அன்றைக்கே வேலை நின்றுபோயிருந்தது. எட்டு மாதம் அங்கும் இங்கும் அலைந்து, கடைசியாக எங்களைத் தேடி வந்தவர், விடிந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்கு ரயிலேறிவிட்டார். திரும்பிப் பார்க்காதே என்று அம்மா அன்று சொன்னது என் பயத்துக்காக இல்லை. நாங்கள் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால், அவர் யார் பக்கம் என்பது பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு உறுதியாகிவிடும் என்றுதான். அப்படியும் அவர்கள் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் அம்மா இதில் எதையும் சொல்லவில்லை. "அவங்க ஊர விட்டே போயிட்டாங்க" என்றாள், அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த வீட்டுக்கு வந்தபின் முதல் தடவையாக, அன்று ராத்திரி நான் பயமில்லாமல் தூங்கினேன்.